ஒன்பது கோயில், எத்தனை மூலபுருஷர்?

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி "எந்தக் கோயில்?" என்பதுதான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயில் என்றால் பொதுவாகப் பங்காளி. பேச்சு அதோடு முடிந்தது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் கோயிலால் இரண்டானாலும் அண்ணன் தம்பி முறை, கொள்வினை கொடுப்பினை கிடையாது. பங்காளி என்ற சொல்லே ஒரு தகப்பன் வழியைக் காட்டுவதால், கோயிலுக்கு ஒருவர் வீதம் ஒன்பது மூலபுருஷர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது சுலபம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

யாருக்கு எத்தனை மகன், அவர்களில் எத்தனை பேருக்கு வாரிசு என்பதெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை தாயக்கட்டை உருட்டியதுபோலத்தான் விழுகிறது. அப்படி விழும் எண்களால் வளரும் கொடிவழியைக் கணிதத்தில் சமவாய்ப்பு மரம் என்கிறார்கள். அதை மேலிருந்து கீழே வளர்த்தும் பார்க்கலாம், இன்றிருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறியும் பார்க்கலாம். மரம் ஒன்றுதான், கேட்கும் கேள்வி வேறு, வரும் விடையும் வேறு. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டையும் கலக்கும் இடத்தில்தான்.

மேலிருந்து கீழே

1873இல் பிரான்சிஸ் கால்டன் 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழில் ஒரு புதிர் போட்டார். இங்கிலாந்தில் பெயர்பெற்ற குடும்பங்களின் குடும்பப்பெயர்கள் வரிசையாக மறைந்துகொண்டிருந்தன. அறிவாளிகளுக்கு வாரிசு குறைவு என்று சிலர் காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். அப்படி ஒரு காரணமே வேண்டாம், வெறும் வாய்ப்பே இத்தனை பெயர்களை அழித்துவிடுமா என்பதுதான் கால்டனின் கேள்வி. பாதிரியாரும் கணிதவியலாளருமான ஹென்றி வில்லியம் வாட்சன் விடை எழுதினார். 1874இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. வழிமுறை அருமை, முடிவு தப்பு. எல்லாக் குடும்பமும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடித்துவிட்டார். வழி அழியும் வாய்ப்பைத் தரும் சமன்பாட்டுக்கு 1 (அழிவு நிச்சயம்) என்பது எப்போதும் ஒரு விடை. அதைவிடச் சிறிய விடை இன்னொன்று இருக்கலாம் என்பதைக் கவனிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1845இலேயே பிரான்சில் பியெனமே சரியான முடிவைச் சொல்லிவிட்டிருந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை. சராசரி மகன் எண்ணிக்கை ஒன்றோ அதற்குக் கீழோ என்றால் வழி அழிவது நிச்சயம் (தவறாமல் எல்லோருக்கும் ஒரே ஒரு மகன் என்ற அதிசயம் தவிர). ஒன்றுக்கு மேல் என்றால் தப்பிக்க இடமுண்டு.

கணக்கைக் கைப்பட போட்டுப் பார்ப்பது கஷ்டமில்லை. மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று வையுங்கள். ஓர் ஆணுக்கு, வளர்ந்து கல்யாணம் ஆகும் மகன் சராசரியாக ஒருவர். எண்ணிக்கை பாய்சான் பரவலில் (தற்செயலாக விழும் எண்ணிக்கைகளுக்குக் கணிதம் வைத்திருக்கும் வாய்பாடு) விழுந்தால் 100 பேரில் 37 பேருக்கு அப்படி மகனே இல்லை, 37 பேருக்கு ஒருவர், 18 பேருக்கு இருவர், 6 பேருக்கு மூவர், மிச்சம் 2 பேருக்கு அதற்கு மேல். பிறந்தும் பிழைக்காத பிள்ளை, கொண்டுவிக்க (வெளிநாட்டுக்கு வியாபாரம் செய்ய) போன இடத்திலேயே கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பிள்ளை, பெண் மக்கள் மட்டுமே உள்ள வீடு எல்லாம் முதல் 37க்குள் அடக்கம்.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். 0இல் தொடங்கி, ஒன்றைக் கழித்து, e-யின் அடுக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். 0.368 வரும். மறுபடி ஒன்றைக் கழித்து அழுத்தினால் 0.531. பிறகு 0.626, 0.688, 0.732. ஐந்து தலைமுறைக்குள் 100 ஆண்வழிகளில் 73 அற்றுப்போயிருக்கும். பத்தாவது அழுத்தத்தில் 0.842. ஆக 16 வழி மிஞ்சும், அந்த 16க்குள் அதே 100 ஆண்கள் இருப்பார்கள். தப்பிய வழிக்குச் சராசரியாக ஆறு பேருக்கு மேல். பஞ்சம், கொள்ளை நோய், சாபம் எதையும் துணைக்கு அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைச் செட்டிநாட்டுக் கதையில் பொருத்திப் பார்க்கலாம். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்த வழிவழிக் கதையில், குருவிடம் ஒப்படைக்கப்பட்டு எஞ்சிய ஆண்பிள்ளைகள் 1502 பேர் என்று ஓர் எண் வருகிறது. அவர்கள் வேளாளர் வீட்டுப் பெண்களை மணந்தார்கள் என்றும் வருகிறது. இதில் சரித்திரம் எவ்வளவு, ஐதீகம் எவ்வளவு என்பது வேறு வழக்கு. நமக்குத் தேவை ஒரு தொடக்க எண். தலைமுறைக்கு 30 வருடம் வைத்து 40 தலைமுறை, அதாவது 1200 வருடம் ஓட்டினால், மேலே சொன்ன பாய்சான் கணக்கில் 1502 வழிகளில் சுமார் 70 மிஞ்சும். ஒன்பது கோயிலுக்கும் பங்கு போட்டால் கோயிலுக்கு ஏறத்தாழ எட்டு.

எண்களை ஆட்டிப் பார்த்தால்தான் கணக்கின் குணம் தெரியும். தலைமுறைக்கு 5 சதவீதம் கூட்டம் வளர்ந்தது என்றால் மிஞ்சுவது 160ஐ ஒட்டி. வளர்ச்சியில்லை, ஆனால் சொத்துள்ள வீட்டில் பிள்ளைகள் நிறையப் பிழைத்து, இல்லாத வீட்டில் பிழைக்காமல் போனார்கள் என்றால் மகன் எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வு கூடும். பாடப்புத்தகம் விலக்க வர்க்கச் சராசரி என்று சொல்லும் இந்த அளவு பாய்சானில் 1. அது 3 ஆனால் சுமார் 25 வழிதான் தப்பும். தப்பும் வழிகள் சரியாக ஒன்பது ஆக வேண்டுமானால் அந்த அளவு 8க்கு மேல் போய், 40 தலைமுறையும் அங்கேயே நிற்க வேண்டும். கொஞ்சம் பேர் ஊரையே நிரப்ப, மற்றவர்கள் எல்லோரும் வாரிசில்லாமல் போவது போன்ற நிலைமை அது. சாதாரணக் குடியானவ, வணிகச் சமூகத்தில் அப்படி நடக்காது. ஆகவே கோயில் என்பது பல ஆண்வழிகள் சேர்ந்து பங்கு கொண்ட கூட்டம் என்று கொள்வதுதான் கணக்குக்கு இசைவு.

அந்த எட்டு வழியும் சமமாக இருக்குமா என்றால், இருக்காது. தப்பிய வழிகளின் அளவு படிக்குறிப் பரவலில் (பல சிறிது, சில மிகப் பெரிது) விழும் என்று 1947இல் யாக்லோம் நிரூபித்தார். எட்டு வழி கொண்ட ஒரு கோயிலில் பெரிய வழி சராசரியாக மூன்றில் ஒரு பங்கு ஆண்களைப் பிடித்துக்கொள்ளும். சிறிய வழிக்கு நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறாது. ரத்தப் பரிசோதனைக்கு ஆள் எடுக்கும்போது இது காலை வாரிவிடும். அதற்குப் பிறகு வருவோம்.

பல்லாங்குழியில் பின்னோக்கி

கீழிருந்து மேலே ஏறும் கணக்கை விளங்கிக்கொள்ளப் பல்லாங்குழிப் பலகை போதும். பக்கத்துக்கு ஏழாக 14 குழி. ஒரு தலைமுறையின் 14 ஆண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 14 புளியங்கொட்டை, 1 முதல் 14 வரை எழுதிய துண்டுச் சீட்டு, அதைப் போட்டுக் குலுக்க ஒரு சொம்பு. முந்தின தலைமுறைக்குத் தரையிலேயே 14 ஆத்தங்குடிக் கல்லை எண்ணி ஒதுக்கிக்கொள்ளலாம்.

குழிக்கு ஒரு கொட்டை போடுங்கள். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சீட்டு எடுத்து, அந்த எண்ணுள்ள கல்லில் கொட்டையை வையுங்கள்: அதுதான் அவன் தகப்பன். சீட்டைத் திரும்பச் சொம்பில் போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்த கொட்டை. எல்லாம் முடிந்ததும் ஒரே கல்லில் இரண்டு மூன்று கொட்டை சேர்ந்திருந்தால் அவர்கள் அண்ணன் தம்பிகள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், யார் யாரோடு சேர்ந்தான் என்று நோட்டில் ஒரு கோடு. அடுத்த சுற்று கல்லிலிருந்து பலகைக்கு. ஒரே கொட்டை மிஞ்சும்வரை இதேதான்.

முதல் சுற்றிலேயே 14 கொட்டை சராசரியாக 9 இடத்துக்கு ஒடுங்கும். அடுத்ததில் 7, அதற்கடுத்து ஐந்தோ ஆறோ. அங்கிருந்து ஆட்டம் மந்தமாகும். மூன்று கொட்டை சும்மா அலையும். கடைசி இரண்டு ஒன்றாவதற்கு மட்டும் சராசரியாக 14 சுற்று பிடிக்கும். மொத்தம் 25 சுற்றை ஒட்டி வரும், ஆனால் ஒரு தடவை 12இலும் முடியும், இன்னொரு தடவை 45 வரை இழுக்கும்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. சீட்டைத் திரும்பப் போட மறந்தால் இரண்டு பேருக்கு ஒரே தகப்பன் வரவே வழியில்லை. 14 கொட்டையும் விடியவிடிய 14ஆகவே சுற்றும். சேர்ந்த கொட்டைகளை எடுக்காமல் இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு தகப்பன் ஆகிவிடும். மூன்றாவது, இழுத்துக்கொண்டே போகும் ஆட்டத்தைச் சலிப்பில் கலைப்பது. நீளமானவற்றை மட்டும் கலைத்தால் சராசரி தானாகக் குறைந்து காட்டும். இந்த மூன்றும் கணினி நிரலிலும் வேறு வேஷத்தில் வரும்.

பலகையில் ஆடியது ரைட்–பிஷர் மாதிரி. பிஷர் 1930இலும் சீவல் ரைட் 1931இலும் எழுதியது. 14க்குப் பதில் பெரிய எண்ணை வைத்து, பின்னோக்கிய மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பதை 1982இல் ஜான் கிங்மன் வரையறுத்தார். கோலசன்ட் என்பது அதன் பெயர். கிளைகூடல் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். விதி ஒன்றே. கூட்டத்தில் ஆண்கள் N பேர், கையில் இருக்கும் வழி k என்றால், அடுத்த கூடலுக்குச் சராசரிக் காத்திருப்பு N-ஐ k வழிகளில் அமைக்கக்கூடிய ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுத்த அளவு. பத்து வழிக்கு 45 ஜோடி. ஆகவே சீக்கிரம் கூடும். இரண்டு வழிக்கு ஒரே ஜோடி. N தலைமுறை காத்திருக்க வேண்டும். கூட்டினால் பத்துப் பேரின் பொது மூதாதைக்கு 1.8 N தலைமுறை, நூறு பேருக்கு 1.98 N.

இதில் கையைக் கடிக்காத ஒரு சேதி உண்டு. நூறு பேருக்குப் பரிசோதனை செய்தாலும் பத்துப் பேர் காட்டும் ஆழத்தைவிட அதிகம் தோண்ட முடியாது. கூட்டம் முழுவதற்குமான பொது மூதாதையும் நாம் எடுத்த பத்துப் பேரின் பொது மூதாதையும் ஒரே ஆளாக இருக்க 11இல் 9 பங்கு வாய்ப்பு, அதாவது 82 சதவீதம். ஆள் கூடக்கூட நுனிக்கிளைகள் அடர்த்தியாகும், அவ்வளவே.

பொது மூதாதை என்றவுடன் அவரை முதல் மனிதராகக் கற்பனை செய்துகொள்வதும் கூடாது. அவர் காலத்தில் அவரைச் சுற்றி N பேர் இருந்தார்கள். அவர்களின் ஆண்வழி அற்றுப்போனது. இன்றைக்கு ஒரு கிளை முடிந்தால் நாளைக்கே அந்தப் பட்டம் கீழே இறங்கி வேறொருவருக்குப் போய்விடும்.

எறும்பு ஊர்ந்த கோடு

வீட்டில் எழுதி வைத்திருக்கும் கொடிவழிப் படத்தைச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. மூலபுருஷரின் பெயரில் ஓர் எறும்பை விட்டு, மரத்தின் விளிம்போடு ஊரவிடுங்கள். மகனுக்குப் போகும்போது +1, தகப்பனுக்குத் திரும்பும்போது −1. இரண்டு மகன், மூத்தவனுக்கு ஒரு மகன், இளையவனுக்கு இல்லை. இந்தச் சின்ன மரம் +1, +1, −1, −1, +1, −1 என்று ஆறு குறியில் அடங்கிவிடும். குறிகளிலிருந்து மரத்தைப் பிழையின்றித் திரும்ப வரையவும் முடியும். பழைய ஏட்டிலிருந்து படி எடுக்கும்போது கூட்டல் கழித்தல் சரிசமமாக வரவில்லை என்றால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

டேவிட் ஆல்டஸ் 1990களின் தொடக்கத்தில் காட்டியது இந்தக் கோட்டைப் பற்றித்தான். கூட்டம் வளராமல் இருந்தால், மரம் பெரிதாகப் பெரிதாக எறும்பின் பாதை பிரவுனியன் அலைவாக (நீரில் மிதக்கும் தூசியின் தற்செயல் அசைவு போல) மாறுகிறது. மரத்தின் உயரம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு போகிறது. நான்கு மடங்கு பெரிய மரம் இரண்டு மடங்குதான் உயரம். 100 ஆண்கள் உள்ள இயல்பான மரத்துக்கு 20ஐ ஒட்டிய தலைமுறை ஆழம் வரும். ஆனால் கையில் இருக்கும் படங்களில் 100 பேர் ஐந்தாறு தலைமுறையிலேயே நிரம்பி, புதர்போல் இருக்கிறார்கள். ஒன்று, அந்தக் குடும்பம் நிஜமாகவே வேகமாகப் பெருகியது. இல்லையேல், உயிரோடு இருப்பவர்களைக் கேட்டு எழுதிய படம் அது. வாரிசில்லாத சித்தப்பாக்களை யாரும் சொல்லவில்லை. என் கணிப்பில் இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது.

விலாசமும் பிள்ளை கூட்டுவதும்

நகரத்தார் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துச் சரம், மூதாதையர் பெயர்களின் சுருக்கம். ஒருவகையில் மடக்கி வைத்த கொடிவழி. அதை விரிக்கும்போதுதான் சிக்கல். மூத்த மகனுக்கு அப்பச்சியை (தகப்பனை) பெற்ற ஐயாவின் (பாட்டனின்) பெயர் வைப்பது வழக்கம். ஆகவே ஒரே இரண்டு பெயர் ஒன்றுவிட்டு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும். பத்திரத்தில் பார்க்கும் பெயர் ஐயாவா, அவரது ஐயாவா என்று தெரியாமல் சரியாக இரண்டு தலைமுறை காணாமல் போகும். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு ஒரே ஐயா பெயரை வைத்தால், ஒரே விலாசத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர். பிரித்தறியத் தோதான அடையாளம் மனைவியான ஆச்சிதான்: அவர் பிறந்த கோயில், பிறந்த ஊர். நகரத்தார் கணக்கே கணவன் மனைவி சேர்ந்த புள்ளியை அலகாக வைத்திருப்பது இங்கே வசதி. ஆணை மட்டும் கட்டத்தில் எழுதுகிறவர்கள் அந்த வசதியை வீணடிக்கிறார்கள்.

பிள்ளை கூட்டுவது இன்னும் சுவாரசியமானது. ஆண் வாரிசில்லாத புள்ளி, அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வது. கால்டன் கணக்கின் அடிமடியிலேயே கை வைக்கும் ஏற்பாடு இது. 100க்கு 37 வீடு மகனில்லாதது என்றோம். அவற்றில் பாதி, இரண்டு மகன் உள்ள வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டால் சராசரி மாறாது. ஏற்றத்தாழ்வு மட்டும் 1இலிருந்து 0.63க்கு இறங்கும். 40 தலைமுறையில் 1000 வீட்டுக்குச் சுமார் 50 விலாசம் மிஞ்ச வேண்டிய இடத்தில் 80 மிஞ்சும். எல்லாரும் கூட்டிக்கொண்டால் ஒரு விலாசமும் அழியாது. ரைட்டின் கணக்கில் ஏற்றத்தாழ்வு குறைவதும், கூட்டத்தின் பயனுறு அளவு (வாய்ப்பின் ஆட்டத்தில் அந்தக் கூட்டம் எத்தனை பேருக்குச் சமம் என்பது) கூடுவதும் ஒன்றே.

ஆனால் இது பெயர் மரத்துக்கு மட்டும். ரத்த மரம் பையன் பிறந்த வீட்டு வழியிலேயே போகும். கோயிலுக்குள் எட்டு ஆண்வழி இருந்தால், பிள்ளை கூட்டும் ஒவ்வொரு தடவையும் விலாசம் ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. பெயரும் ஒய் குரோமோசோமும் பொருந்தவில்லை என்று முகம் சுளிக்க அதில் ஒன்றுமில்லை; முறைப்படி நடந்த சுவீகாரமே போதுமான காரணம்.

ஒய் குரோமோசோமை எண்ணினால்

தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம். அதில் நம்பிப் படிக்கக்கூடிய பகுதி ஏறத்தாழ ஒரு கோடி எழுத்து. ஓர் எழுத்து மாறும் வேகத்தையும் 30 வருடத் தலைமுறையையும் பெருக்கினால், நாலு தலைமுறைக்கு ஒரு சடுதிமாற்றம் வரும். துல்லியமாகச் சொன்னால் தலைமுறைக்கு 0.24. இரண்டு ஆண்களுக்கு இடையே எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணி, 0.48ஆல் வகுத்தால் பொது மூதாதை எத்தனை தலைமுறை மேலே என்பது வரும். இரண்டு கிளையிலும் மாற்றம் சேர்வதால்தான் 0.24ஐ இரட்டிக்கிறோம். இந்த இரட்டிப்பை மறந்துவிட்டுக் காலத்தை இரண்டு மடங்காகச் சொல்வது சகஜம்.

மூலபுருஷர் ஒருவரே, அவர் 40 தலைமுறைக்கு முன்னால் இருந்தவர் என்றால் ஒரே கோயிலின் எந்த இருவருக்கும் 19ஐ ஒட்டிய வேறுபாடுதான் அதிகபட்சமாக எதிர்பார்க்கலாம். வாய்ப்பின் ஆட்டத்தைச் சேர்த்தால் 28 வரை போகலாம். 100 எழுத்து வேறுபட்டால் பொது மூதாதை 208 தலைமுறை, 6000 வருடத்துக்கு மேல். கோயிலே இல்லாத காலம். அவர்கள் ஒரே கோயிலுக்குள் வெவ்வேறு ஆண்வழியாக வந்தவர்கள், அல்லது இடையில் எங்கோ சுவீகாரம். எந்தக் கதையையும் நம்பாமல், மறுக்காமல், ஒன்பது மூலபுருஷர் கேள்விக்கு விடை சொல்லும் சோதனை இது.

எத்தனை பேரை எடுப்பது? எட்டு வழிக் கோயிலில் சும்மா இருவரைப் பிடித்தால் 22 சதவீதம் ஒரே வழியில் விழுவார்கள். பெரிய வழியின் வேலை அது. இருவரும் ஒத்துப்போனதை வைத்து "கோயிலுக்கு ஒரே மூலபுருஷர்" என்று எழுதினால் ஐந்தில் ஒரு தடவைக்கு மேல் தப்பாகும். ஐவரை எடுத்தால் ஐவருமே ஒரே வழியில் விழ வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. ஆனால் ஐவரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களாக இருக்கக் கூடாது. கொள்ளுப்பாட்டன் ஒருவரே என்றால் அந்த ஐந்தும் ஒன்றுக்குச் சமம். வெவ்வேறு ஊர், வெவ்வேறு விலாசம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டியில் உட்பிரிவுகள் உண்டு, பிரிவுக்குப் பிரிவு தனியாக எடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவுப் பரிசோதனைகள் ஒய்யில் சில நூறு அல்லது சில ஆயிரம் தெரிந்த இடங்களை மட்டும் பார்க்கும். அந்த எண்ணிக்கையை 0.48ஆல் வகுப்பது வீண். முழு வரிசை படித்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

வேளாளப் பெண்கள் என்ற கதையின் மறுபாதிக்குத் தாய்வழியில் மட்டும் போகும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. ஆனால் தென்னிந்தியாவில் தாய்வழிக் கிளைகள் சாதி தாண்டிப் பரவலாகக் கலந்து கிடப்பவை. ஒத்துப்போனாலும் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகாது.

தாயும் சேர்ந்தால்

இதுவரை ஒரு பெற்றோர் மரம். தாயையும் சேர்த்தால் மரம் வலையாகிவிடும், காலமும் அடியோடு சுருங்கும். பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் ஆண்வழிப் பொது மூதாதைக்கு ஆயிரக்கணக்கான தலைமுறை ஏற வேண்டும். இருவழியிலும் ஏறலாம் என்றால் 13 தலைமுறையிலேயே எல்லோருக்கும் பொதுவான ஒருவர் வந்துவிடுவார். கூட்ட எண்ணிக்கையின் 2-அடிமான மடக்கைதான் அது. 1999இல் ஜோசப் சாங் நிரூபித்தார். அதன் 1.77 மடங்கு மேலே போனால் அன்றிருந்தவர்களில் 80 சதவீதம் பேர் இன்றைய எல்லோருக்கும் மூதாதை, மிச்சம் 20 சதவீதம் யாருக்குமே இல்லை. நடுவில் எவரும் கிடையாது. சாங்கின் கணக்கு யாரும் யாரையும் மணக்கலாம் என்று வைத்துக்கொள்வதால், நிஜக் கூட்டத்தில் இன்னும் சில தலைமுறை கூடும்.

கோயில் விலக்கு இந்தக் கலப்பை வேகப்படுத்துகிறது. தகப்பன் ஒரு கோயில், தாய் இன்னொன்று. பாட்டன் பாட்டிமாரில் நான்கு கோயில் வரை. அதற்கு மேல் எட்டு. நான்காவது படியில் 16 பேர் நிற்பதால் ஒன்பது கோயிலும் ஒருவருக்குள் வந்துவிட அங்கேதான் முதல் வாய்ப்பு. முறைப்பெண் கட்டுவது இதற்கு எதிர்விசை. மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளையின் அப்பத்தாவும் தாய்வழி ஐயாவும் கூடப்பிறந்தவர்கள். நான்கு கோயில் மூன்றாகும்; எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிமார் ஆறாவார்கள். ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேர 16இல் 1 வாய்ப்பு.

மூதாதை என்பதாலேயே அவர் மரபணு நமக்குள் இருக்கும் என்றும் இல்லை. பத்துத் தலைமுறை மேலே 1024 இடங்கள். நமக்கு வந்திருக்கும் டிஎன்ஏ அதற்குள் சுமார் 640 துண்டுகளாகத்தான் வெட்டுப்பட்டிருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று துண்டு போய்விடுவதால் பாதிக்கு மேற்பட்ட மூதாதையர் பெயரளவில் மட்டும் மூதாதையர்.

அகமண வழக்கமுள்ள கூட்டத்தில் தொடக்கத்தில் ஆள் குறைவாக இருந்திருந்தால் இந்த வலை இறுகி, நீளமான பொதுத் துண்டுகளாகத் தெரியும். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் (சிசிஎம்பி) தங்கராஜ் உள்ளிட்டவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 263 கூட்டங்களில் 81இல் இந்த இறுக்கம் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அதிகம். ஆந்திர வைசியர்கள் தெரிந்த உதாரணம்: தசை தளர்த்தும் சில மயக்க மருந்துகளை உடைக்கும் நொதி அவர்களில் பலருக்குக் குறைவு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சுத் தசை எழ நேரமாகும். தொகை லட்சக்கணக்கில் இருந்தாலும் மரத்தின் அடிப்பகுதி ஒடுங்கியிருந்தது என்பதுதான் அங்கே காரணம். தலைக்கணக்கு எடுத்தால் இது தெரியாது.

கொடிவழி எழுதப் புது நோட்டுப் போடுகிறவர்களுக்கு: வரிக்கு ஓர் ஆள் வேண்டாம், ஒரு புள்ளி. விலாசம், ஊர், கோயில், உட்பிரிவு. ஆச்சியின் பெயர், அவர் பிறந்த கோயில், பிறந்த ஊர். பிள்ளைகள் பிறந்த வரிசையில், தவறியவர்களும் மணமாகாதவர்களும் உட்பட; வாரிசில்லை என்றால் இடத்தைக் காலியாக விடாமல் 'இல்லை' என்றே எழுத வேண்டும், விடுபட்டதா அற்றுப்போனதா என்பது பின்னால் தெரியாது. வருடம் தெரியாவிட்டால் யாருக்கு மூத்தவர், யாருக்கு இளையவர் என்றாவது குறித்துக்கொள்ளலாம். பிள்ளை கூட்டிய இடத்தில் இரண்டு கோடு: கூட்டிக்கொண்ட வீட்டுக்கு முழுக்கோடு, பிறந்த வீட்டுக்குப் புள்ளிக்கோடு.